ஒட்டுப் போட்ட பிறகு

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் புழங்கியது. அச்சகத்தில் காவலாளி முதல் முதலாளியம்மா வரை எல்லோருக்கும் அவர் ‘சர்வர்’. கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டிருக்கிறார். “பிரஸ்ல சர்வரைப் பாத்துக்கறான்” என்று இவருடைய அண்ணன் பெருமையாகச் சொல்ல, தாய்மாமன் சற்று யோசித்துவிட்டு, “நல்லது, சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருக்காது” என்றாராம். அது அந்த சர்வர் இல்லை, கம்ப்யூட்டர் என்று விளக்கி முடிப்பதற்குள் அண்ணனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இந்தக் கதையை ஒருநாள் அவரே வாய்தவறி அச்சகத்தில் சொல்லப்போக, பெயர் நிலைத்துவிட்டது.

பெரிய கெட்டிக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. எதையும் மெதுவாகத்தான் செய்வார். ஆனால் வந்த மெயிலைக் கடைசி வரிவரை படிக்கிற ரகம். அவர் பொறுப்பில் இருந்த முக்கியமான சங்கதி, ஃபைல்களை வாங்கி வைக்கிற ஒரு சாஃப்ட்வேர். வெளியூர் வாடிக்கையாளர்கள் தங்கள் மேஜையிலிருந்தே பக்கங்களை அனுப்ப, அவை அச்சகத்து கம்ப்யூட்டரில் வந்து விழும். அச்சுக்கான பிளேட் தயாரிக்கும் ஆட்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ஃபோல்டர், தனி பாஸ்வேர்டு. பாடப்புத்தகம், மருந்துப்பெட்டி அட்டை, கம்பெனி அறிக்கை என்று நாள் முழுக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை கல்லூரி நுழைவுத் தேர்வின் கேள்வித்தாளும் அதே வழியில்தான் வரும். அதை அச்சடிக்கப் பின்பக்கத்தில் தனி அறை, தனி ஆட்கள். உள்ளே போகிறவர்கள் செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அந்த வருடம் அவருடைய ஒரே மகள் அந்தத் தேர்வை எழுத இருந்தாள். அதை முன்கூட்டியே முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டார். “சரி, நீ அந்தப் பக்கமே தலைகாட்டாதே” என்றார் அவர். சர்வரும் அப்படியே நடந்துகொண்டார். டீ குடிக்கப் போவதானால்கூட அந்த அறை இருக்கும் வராந்தாவை விட்டு, காகிதக் கிடங்கைச் சுற்றிக்கொண்டு போவார். கிடங்குக்காரர் கேலி செய்வார், “என்ன சர்வர், நடைப்பயிற்சியா?”

தேர்வுக்குச் சில நாட்களே இருந்த ஒரு காலையில், சாஃப்ட்வேர் தயாரித்த கம்பெனியிடமிருந்து அந்த மெயில் வந்தது. உங்கள் சாஃப்ட்வேரில் ஓட்டை ஒன்று இருக்கிறது, சூட்சுமம் தெரிந்தவன் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைந்துவிடலாம், அதை அடைக்க ஒரு பேட்ச், அதாவது ஒட்டு, அனுப்பியிருக்கிறோம், உடனே போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர் படித்துவிட்டு நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போனார்.

முதலாளியம்மா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியவர். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவர். கம்ப்யூட்டர் விஷயம் மட்டும் அவருக்குச் சத்தம் போடாத எதிரி.

“இப்ப சர்வரை நிறுத்தணுமா? பாடப்புத்தகக்காரங்க காலையிலேர்ந்து ஃபைல் அனுப்பிட்டிருக்காங்க.”

“நிறுத்திட்டுத்தாம்மா போட முடியும்.”

“நாளைக்குப் போட்டா ஆகாதா?”

“ஓட்டை இருக்குன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சும்மா. வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு மைக்ல சொன்ன மாதிரி.”

“அப்ப அவங்க ஏன் மைக்ல சொன்னாங்க?” என்று எரிச்சலுடன் கேட்டார் முதலாளியம்மா. பிறகு கையை விசிறினார். “போ, போ. சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிடு.”

அவர் சர்வரை நிறுத்தினார். அடுத்த நிமிடமே பாடப்புத்தகக்காரர்களின் ஃபோன் வந்தது. அதன் பிறகு ஃபோனை வைக்கவே நேரம் இல்லை. ஒரு காதில் ஃபோனையும் ஒரு கையில் மவுஸையும் வைத்துக்கொண்டே பேட்சைப் போட்டு முடித்தார். மதியம் எல்லாம் பழையபடி ஓடியது. சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள், “நாள் பூரா ஒட்டுப் போட்டுட்டு வந்தேன்னு சொல்றீங்க, கையில ஒரு ஊசி குத்துன தடம்கூட இல்லையே” என்று சிரித்தாள். மகள் மேஜையில் கம்ப்யூட்டரின் முன்னால் மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாதீர்கள் என்று கையை மட்டும் தூக்கினாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மறுநாள் அதே கம்பெனியிடமிருந்து இரண்டாவது மெயில் வந்தது.

நாங்கள் ஓட்டையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே திருடர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், பேட்ச் போட்டால் மட்டும் போதாது, இன்ன இடத்தில் இன்ன பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் யாரோ ஏற்கெனவே வந்துபோயிருக்கிறார்கள் என்று பொருள். இதுதான் சாரம்.

இருக்காது என்ற நினைப்பில்தான் அவர் தேடினார். இருந்தது. சாஃப்ட்வேருக்குச் சொந்தமான ஒரு ஃபைலின் பெயரையே வைத்துக்கொண்டு, கூடவே ஒரே ஒரு எண்ணை மட்டும் ஒட்டிக்கொண்டு, குடும்பத்தோடு குடும்பமாக உட்கார்ந்திருந்தது. தினமும் அந்த வரிசையைப் பார்க்கிறவர்தான். கண்ணில் படவில்லை. அது வந்து சேர்ந்த தேதியைப் பார்த்தார். போன வாரத்து விடுமுறை நாள்.

அன்றைக்கு யார் எதைத் தொட்டார்கள் என்று கம்ப்யூட்டர் தானாக எழுதி வைத்திருந்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். வந்தவன் எதையும் தேடவில்லை, எதையும் பொறுக்கவில்லை. ஃபோல்டர் ஃபோல்டராக அப்படியே அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். மருந்து அட்டை, பாடப்புத்தகம், அந்த வரிசையில் தேர்வு அலுவலகத்தின் ஃபோல்டரும். கேள்வித்தாளின் கடைசித் திருத்தம் அதில் கிடந்த நாள் அது. தாளுக்குத் தனியாகப் பூட்டு உண்டு. ஆனால் ஃபோனில் சொல்லும்போது பாஸ்வேர்டை இரண்டு மூன்று தடவை தப்பாகக் கேட்டுவிட்டதால், அதையும் எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்களேன் என்று பிளேட் அறைக்காரர்கள் கேட்க, தேர்வு அலுவலகத்தில் போட்டும்விட்டார்கள். அவசரத்தில் இரண்டு பக்கத்துக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை.

அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முதலாளியம்மாவின் அறைக் கதவைத் தட்டினார்.

“அதான் ஒட்டுப் போட்டாச்சே, இன்னும் என்ன?”

“ஒட்டுப் போட்டது ஓட்டைக்கும்மா. அதுக்கு முன்னாடியே ஒருத்தன் உள்ள வந்துட்டுப் போயிருக்கான்.”

முதலாளியம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “எதை எடுத்தான்?”

“எல்லாத்தையும்.”

“எல்லாத்தையும்னா?”

அவர் பின்பக்கத்து அறை இருக்கும் திசையைப் பார்த்தார். முதலாளியம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“குறிவச்சு வந்தானா, போற போக்குல அள்ளிட்டுப் போனானா?”

“போற போக்குலதான்னு தோணுது. இதே சாஃப்ட்வேர் வச்சிருக்கற எத்தனையோ பேர்கிட்ட அள்ளியிருக்கான். நாம யாருன்னுகூட அவனுக்குத் தெரியாம இருக்கலாம். ஆனா பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்.”

“பிரிச்சே பாக்கலேன்னா?”

வெளியே பெரிய மெஷின் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா அதைக் கேட்டபடி இருந்தார்.

“உன் பொண்ணு எழுதுறால்ல?”

“ஆமாம்மா.”

“எப்படிப் படிச்சிருக்கா?”

“இனிமே படிக்க ஒண்ணும் இல்லைங்கற அளவுக்கு.”

“சொன்னா தேர்வு நிக்கும். இந்த வேலை நம்ம கையை விட்டுப் போகும். பின்னாடி ரூம்ல இருக்கறவங்களுக்கு வேற வேலை தேடணும். சொல்லலேன்னா ஒண்ணுமே ஆகாமலும் போகலாம்.” முதலாளியம்மா அவரிடம் பேசுவதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

“ஆகாமப் போகலாம்மா. ஆச்சுன்னா முதல்ல யாரைப் பிடிப்பாங்க? சர்வர் சாவி என் கையில. பொண்ணு தேர்வு எழுதுறா. தெரிஞ்சே மறைச்சான்னு ஆகும்.”

சொல்லக்கூடிய காரணம் அது. சொல்ல வராத காரணம் ஒன்றும் இருந்தது. மேஜையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் மகளின் முதுகு அவர் கண்ணிலேயே நின்றது. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அதே தாளை விலைக்கு வாங்கி முந்தின நாளே விடையை உருப்போட்டுவிட்டால், இவள் இரண்டு வருடம் குனிந்து உட்கார்ந்ததற்கு என்ன கணக்கு? இதை அவர் பிற்பாடு மனைவியிடம் சொன்னார். அப்போது வாயில் வந்தது வேறு.

“நீங்க சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்மா.”

“மிரட்டுறியா?”

“இல்லம்மா. பயத்துல சொல்றேன்.”

முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் புடவையில் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளாமல் ஃபோனை எடுத்து தேர்வு அலுவலகத்தைக் கூப்பிட்டார். “நான் பிரஸ்லேர்ந்து பேசறேன். உக்காந்துக்கிட்டு கேளுங்க” என்று ஆரம்பித்தார்.

தேர்வு தள்ளிவைக்கப்பட்டது என்ற செய்தி அன்றே வந்துவிட்டது. அதற்கு முன் வீட்டில் சொல்லக்கூடாது என்று தேர்வு அலுவலகம் கேட்டுக்கொண்டிருந்தது. எனவே மகள் அதைத் தன் ஃபோனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் புத்தகங்களைத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எந்த பிரஸ்னு போடலப்பா. உங்க பிரஸ்தானே?”

“ஆமா.”

“யாரு சொன்னது?”

“நான்தான்.”

அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை. “திருடன் கேள்வித்தாளை எடுத்தான். நீ என் தேர்வையே எடுத்துட்டே” என்றாள். அதன் பிறகு அவரிடம் பேச்சில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரிகள் அச்சகத்துக்கு வந்தார்கள். அவர் எதிர்பார்த்த கேள்விதான் முதலில் வந்தது. உங்கள் மகள் இந்தத் தேர்வை எழுதுகிறாரா? அப்புறம் அதையே வேறுவேறு விதமாகக் கேட்டார்கள். விடுமுறை நாளில் எங்கே இருந்தீர்கள்? வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைய முடியுமா? கேள்வித்தாளைத் திறந்தீர்களா? அந்த ஃபைலை நீங்களே வைத்துவிட்டு நீங்களே கண்டுபிடித்திருக்கலாம் அல்லவா? கேட்டவர் வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் கேட்டார். மரியாதையாகக் கேட்டதுதான் அவரை அதிகம் உலுக்கியது.

வீட்டுக்கும் வந்தார்கள். மகளின் கம்ப்யூட்டரையும் மூவரின் செல்போன்களையும் பையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். எதிர்வீட்டு மாடியில் காயப்போட ஒரு துணியும் இல்லாமலே மூன்று பேர் நின்று பார்த்தார்கள். மகள் எழுதி வைத்திருந்த மாதிரித் தேர்வுகள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரோடு போயின. அவள் அழவில்லை. கதவை மட்டும் சாத்திக்கொண்டாள். தோழிகள் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார்கள். உனக்குக் கேள்வி முன்னாலேயே தெரியுமாமே என்று ஒருத்தி நேரிலேயே கேட்டுவிட்டுப் போனாள்.

அச்சகத்திலும் நிலைமை சுகமில்லை. பின்பக்கத்து அறை ஆட்கள் அவரைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். கிடங்குக்காரர்கூடக் கேலியை நிறுத்திவிட்டார். அவர் இப்போது வராந்தா வழியாகவே போகலாம், தடையில்லை. ஆனாலும் கால் பழகிப்போய் கிடங்கைத்தான் சுற்றியது.

வீட்டில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மூவரும் தட்டைப் பார்த்தபடி இருக்க, மனைவி பொறுக்கமாட்டாமல் சொன்னாள், “ஏங்க, நீங்க அங்க பேசாம இருந்திருந்தா இங்க பேச்சு இருந்திருக்கும்.” சொல்லிவிட்டு அவளுக்கே சங்கடமாகி, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, “அவர் சொன்னது தப்புன்னு நான் சொல்லலடி. அவரை வேற மாதிரி பண்ணச் சொன்னா வராது. கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன்” என்றாள்.

சில வாரங்கள் கழித்துத் திருடர்களே வாயைத் திறந்தார்கள். அச்சகத்துக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் ஃபைல்கள் எங்களிடம் இருக்கின்றன, கேட்டதைக் கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் வெளியே போட்டுவிடுவோம் என்று மிரட்டல். நம்ப வைப்பதற்காக மாதிரிக்குச் சில பக்கங்களை இணைத்திருந்தார்கள். ஒரு மாத்திரைப் பெட்டியின் அட்டை, ஆறாம் வகுப்புப் புவியியலில் ஒரு வரைபடம், நுழைவுத் தேர்வின் முதல் பக்கம். அதே வார்த்தைகளில் அதே மெயில் வேறு பல நாட்டுக் கம்பெனிகளுக்கும் போயிருந்தது.

விசாரணை அதிகாரி அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். “உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லைங்க. வந்து வாங்கிக்கிட்டுப் போங்க. இது வெளியாளுங்க வேலைதான்னு உறுதியாயிடுச்சு.” சற்று நிறுத்தி, “நீங்க சொல்லாம விட்டிருந்தா, இந்த மெயில் தேர்வு முடிஞ்சப்புறம் வந்திருக்கும். அப்ப உங்களை நாங்க நம்பியிருக்க மாட்டோம்” என்றார். அவர் நன்றி சொல்ல நினைத்தார், எதற்கு என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். திருடர்களின் மெயில் பற்றி அவளுக்கும் தெரிந்திருந்தது.

“அந்த முதல் பக்கத்துல என்ன கேள்வி இருந்துச்சு?”

“நான் பாக்கலை.”

“அந்தத் தாள்தான் செல்லாமப் போச்சே. இப்பகூடவா பாக்கலை?”

“முதலாளியம்மா காட்ட வந்தாங்க. வேணாம்னுட்டேன்.”

அவள் அவரையே கொஞ்சநேரம் பார்த்தாள். “உன்னை வச்சுக்கிட்டு…” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். பிறகு ஒயரை எடுத்துச் செருகிக்கொண்டே, “டீ போடப் போறேன். உனக்கும் வேணுமா?” என்றாள்.

புதிய தேர்வு நாளன்று அவளை அவர்தான் அழைத்துப்போனார். கேட்டுக்கு உள்ளே பெற்றோரை விடவில்லை. எதிர்ப்புறம் ஒரு மரம், அதன் அடியில் பத்திரிகைத் தாளை விரித்து உட்கார்ந்திருந்த அப்பாக்களும் அம்மாக்களும். அவரும் ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் வேன் ஓட்டுகிறவர், பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்.

“ஏதோ ஒரு பிரஸ்ல எவனோ கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டானாம். அவனால நாம ரெண்டாவது தடவை இங்க வந்து காய வேண்டியிருக்கு. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…”

சும்மா இருந்திருக்கலாம். இருந்து பார்த்தார், முடியவில்லை. “திறந்து போடலீங்க. பூட்டு செஞ்சவங்க பூட்டுலயே கோளாறு இருந்துச்சு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் அங்கதான் வேலை பாக்கறேன். அந்தக் கம்ப்யூட்டரையே பாத்துக்கறது நான்தான்.”

வேன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாலைந்து தலைகள் இந்தப் பக்கம் திரும்பின.

“எங்க வீட்ல பெரியவ கல்யாணத்தையே தள்ளி வச்சோம் தெரியுமா? சின்னவன் பரிட்சை முடியட்டும்னு.”

“கஷ்டம்தாங்க. எங்க பொண்ணும் உள்ளதான் எழுதுறா.”

“அப்ப உங்க வீட்லயும் தள்ளிப்போச்சா?”

“போச்சு.”

“திருட்டுப்போனதை யாரு சொன்னது வெளியில?”

“நான்தான் சொன்னேன்.”

வேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு கேட்டின் பக்கம் பார்த்து, மறுபடி இவரைப் பார்த்தார். கோபம் முழுவதும் போனதாகத் தெரியவில்லை. அதை எங்கே இறக்கி வைப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் தன் பத்திரிகைத் தாளைக் கொஞ்சம் இழுத்து, “வெயில் உங்க மேலதான் விழுது. இப்படித் தள்ளி உக்காருங்க” என்றார். தேர்வு முடிகிறவரை இருவரும் வேனைப் பற்றியும் அச்சு மெஷினைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகள் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தாள். “கணக்கு உயிரை எடுத்துடுச்சு. மத்ததெல்லாம் பரவாயில்ல” என்றாள். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, “அந்த அங்கிள் யாருப்பா? தோள்ல கைபோட்டுப் பேசிட்டிருந்தாரே” என்று கேட்டாள்.

“அவங்க வீட்டுக் கல்யாணத்தை நான் தள்ளிவச்சிட்டேனாம்.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள்.

அவளுக்கு இடம் கிடைத்தது. ஆசைப்பட்ட கல்லூரியில் அல்ல, அதற்கு அடுத்ததில். முதல் தாளையே எழுதியிருந்தால் எது கிடைத்திருக்கும் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. கேள்வித்தாள் வேலை வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. பின்பக்கத்து அறையில் இப்போது மருந்து அட்டைகள் அச்சாகின்றன, அங்கே இருந்தவர்களில் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருவர் மட்டும் அவரிடம் சொல்லிக்கொண்டு போனார். கேள்வித்தாள் வேலை கைவிட்டுப் போனதைப் பற்றி முதலாளியம்மா வருடத்துக்கு ஒருமுறை, அந்தச் சீசன் வரும்போது, அவர் காதில் விழும்படி முணுமுணுப்பார். ஆனால் பாஸ்வேர்டை ஃபைலோடு சேர்த்து அனுப்பினால் அந்த ஃபைலை வாங்கவே கூடாது என்று பிளேட் அறையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னதும் அதே முதலாளியம்மாதான்.